நிற்காத பஸ்ஸும் வராத டீயும்

காகிதத்தில் ஏறாத எதுவும் உலகத்திலேயே கிடையாது என்று நம்புகிற மனிதர், பஸ் டிப்போ மேலாளர் தங்கப்பிரகாசம். அந்த அலுவலகத்தில் டீ போட்டுக் கொடுக்கும் ராக்கம்மா ஒருநாள் தன் ஊர்க்காரர்களின் மனுவை அவரிடம் நீட்டினாள்.

"கல்லுமடை விலக்குக்குக் காலையில இன்னொரு பஸ் விடணும் சார்."

மேலாளர் சிரித்தார். "அந்த ஸ்டாப்புல ஆறு மாசமா காலையில ஒரு டிக்கெட்கூடப் போடலை. ஆளே இல்லாத இடத்துக்கு எதுக்கு பஸ்? அங்க போட்ட ஒரு டிக்கெட்டைக் காட்டு, நாளைக்கே விடுறேன்."

ராக்கம்மா மனுவை மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் பதினோரு மணிக்கு மேலாளர் கத்தினார். "எல்லாருக்கும் டீ வந்தாச்சு, எனக்கு எங்க?"

"உங்க ரூமுக்கு வர்றதுக்குள்ள தட்டு காலியாயிடுச்சு சார், நிக்காமப் போயிட்டேன். இந்த ரூம்ல யாரும் டீ குடிக்கலைன்னு நோட்டுலயும் எழுதியாச்சு. நாளையிலேர்ந்து இங்க டீயை நிறுத்திடலாமா?"

"குடிக்கிற ஆளு நான் இருக்கேனே!"

"அங்கயும் ஆளுங்க இருக்காங்க சார். முந்தின ஊர்லயே பஸ் நிறைஞ்சிடுது, நிக்காமப் போயிடுது."

மேலாளர் நம்பவில்லை. அடுத்த நாள் காலை தானே விலக்கில் போய் நின்றார். பள்ளிக்கூடப் பிள்ளைகள், மில்லுக்குப் போகிற பெண்கள், ஆஸ்பத்திரிக்குக் கைக்குழந்தையோடு கிளம்பிய ஒரு தாய் என்று முப்பது பேர் காத்திருந்தார்கள். படிக்கட்டில் ஆள் தொங்க பஸ் வந்தது. மேலாளர் கையை நீட்டினார். அவருடைய பஸ் அவர்மேலேயே புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போனது.

கூட்டத்தோடு பஸ்ஸுக்கு நின்றிருந்த ராக்கம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்ப நீங்களும் காகிதத்துல இல்ல சார்," என்றாள்.