இருபது நிமிஷ ஜப்பான் குழம்பு

ஒரகடம் பக்கம் ஒரு வாடகை வீட்டில் நாலு பேர் இருந்தார்கள். நாலு பேருக்கும் சேர்த்து ஒரு அடுப்பு, ஒரு அரிசி டின், ஒரு சுவர்க் கடிகாரம். மூளையும் நாலு பேருக்கும் சேர்த்து ஒன்றுதான் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார். அது மிகைப்படுத்தல். ஒன்றெல்லாம் கிடையாது.

நாலு பேரும் கார் கண்ணாடிக்குத் துடைப்பான் செய்கிற ஒரு ஜப்பான் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். தணிகாசலம் வயதில் மூத்தவர், மூக்குக்கண்ணாடி போட்டவர், ஆகவே அறிவாளி. ஜெபராஜுக்கு அப்போதுதான் நிச்சயதார்த்தம் முடிந்திருந்தது. வேடியப்பன் பலசாலி. நாலாவது ஆள் பொய்யாமொழி. நம்முடைய கதை அவனுடைய கதைதான், பாவம்.

பொய்யாமொழிக்கு ஜப்பான் போக ஆசை. சும்மா ஆசை இல்லை, ராத்தூக்கம் போன ஆசை. கம்பெனியிலிருந்து ஒருவரை ஆறு மாசப் பயிற்சிக்கு அனுப்பப் போகிறார்கள் என்று பேச்சு வந்ததும், அவன் நேரே மேனேஜர் ஓகாவாவிடம் போய் நின்றான்.

"சார், நான் ஜப்பான் சாப்பாடு நல்லா சமைப்பேன் சார். அங்க போனா கஷ்டப்பட மாட்டேன்."

ஓகாவா சுத்த சைவம். புத்தகம் பார்த்துத் தமிழ் கற்றவர். "மிக்க மகிழ்ச்சி. ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு முப்பதுக்கு உணவருந்த வருகிறேன். உணவு நன்றாக இருந்தால் நீங்களே செல்லலாம்" என்றார்.

பொய்யாமொழி அதுவரை வெந்நீர்கூட வைத்ததில்லை.

அவன் ஓடிப் போய் விழுந்த இடம் மங்கையர்க்கரசி மேடம். கம்பெனி ஸ்டோர்ஸில் இருப்பவர், ஏற்கெனவே ஜப்பான் போய் வந்தவர். அவர் சிரித்துவிட்டு, குழம்புக்கட்டி ஒரு டப்பா, நீள நூடுல்ஸ் ஒரு பாக்கெட், செய்முறை எழுதிய தாள் ஒன்று, மூன்றையும் கையில் கொடுத்தார். "இதைவிடச் சுலபம் எதுவுமே இல்லப்பா. சின்னக் குழந்தைகூட செஞ்சிடும்" என்றும் சொன்னார். குழந்தைதானே செய்யும், இவர்கள் செய்வார்கள் என்று அவர் சொல்லவில்லையே.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு நாலு பேரும் அடுப்பைச் சுற்றி நின்றார்கள். தணிகாசலம் தாளைக் கையில் எடுத்தார்.

"கம்பெனியில ஓகாவா சார் எழுதி மாட்டியிருக்கிற போர்டு ஞாபகம் இருக்கா?"

மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "எழுதியிருப்பதை எழுதியிருப்பதுபோலவே செய்க!"

"அதேதான். ஒரு வரிய முடிக்காம அடுத்த வரிய யாரும் பாக்கக் கூடாது. போனையெல்லாம் எடுங்க. வேலை நேரத்துல கம்பெனியில போனைப் பெட்டியில போட்டுட்டு சுவர்க் கடிகாரத்தைத்தானே பாக்கிறோம்? இங்கயும் அப்படித்தான்."

நாலு போனும் அணைந்து அரிசி டின்னுக்குள் போயின. தணிகாசலம் முதல் வரியைப் படித்தார்.

"இருபது நிமிஷத்தில் தயாராகிவிடும்."

"அப்ப பதினொன்னு நாப்பதுக்கு ரெடியாகிடும்" என்றான் வேடியப்பன். எல்லோருக்கும் மனசு நிம்மதியாகிவிட்டது.

இரண்டாவது வரி: "வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கவும்."

வெங்காயம் வாணலியில் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் நிறம் மாறியது. அது பொன்னிறமா என்று யாருக்கும் தெரியவில்லை.

"பொன்னைப் பக்கத்துல வெச்சுப் பாத்தாத்தானே தெரியும்?" என்றார் தணிகாசலம்.

வேடியப்பன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றினான். தணிகாசலம் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது கவரிங். இதைப் பாத்து வதக்கினா நாலு மாசத்துல வெங்காயம் கறுத்துப் போயிடும்."

ஜெபராஜ் தயங்கித் தயங்கித் தன் நிச்சயதார்த்த மோதிரத்தைக் கொடுத்தான். அதை வெங்காயத்தின் நடுவில் வைத்து, இரண்டும் ஒரே நிறம் ஆகும்வரை வதக்கினார்கள். அது ரொம்ப நன்றாகவே அமைந்தது. எவ்வளவு நன்றாக என்றால், கடைசியில் எது மோதிரம், எது வெங்காயம் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"அண்ணே, மோதிரம்!" என்று ஜெபராஜ் அலறினான்.

"கத்தாதே. மோதிரத்தை வெளிய எடுக்கவும்னு தாள்ல எழுதியிருக்கா?"

எழுதியிருக்கவில்லை.

பொய்யாமொழி தற்செயலாகக் கடிகாரத்தைப் பார்த்தான். "அண்ணே! மணி பதினொன்னு முப்பத்தொன்பது! இன்னும் ஒரு நிமிஷந்தான் இருக்கு. வெங்காயத்தைத் தவிர ஒண்ணுமே ஆகலையே! என் ஜப்பான் போச்சே!"

அவன் நிஜமாகவே அழ ஆரம்பித்துவிட்டான். தணிகாசலம் பதறவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறினார். கடிகாரத்தை இறக்கினார். பின்னால் இருந்த பேட்டரியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கடிகாரத்தைத் திரும்ப மாட்டினார்.

"இன்னும் ஒரு நிமிஷம் பாக்கி இருக்கு. அவசரப்படாம நிதானமா செய்யுங்க."

இப்படிப்பட்ட ஒரு மனிதரோடு ஒரே வீட்டில் இருக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று பொய்யாமொழி நினைத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மூன்றாவது வரி: "உருளைக்கிழங்கு, கேரட், பட்டாணி சேர்க்கவும். காய்கள் எல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டும்."

பட்டாணியை உருளைக்கிழங்கு அளவுக்கு வளர்க்க முடியாது என்று வேடியப்பன் சொன்னான். அன்று அந்த வீட்டில் பேசப்பட்ட ஒரே நியாயமான பேச்சு அது. ஆகவே உருளைக்கிழங்கையும் கேரட்டையும் பட்டாணியாக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு துண்டையும் உருட்டிச் சீவி, பட்டாணியோடு பக்கத்தில் வைத்துப் பார்த்து, பெரிதாக இருந்தால் இன்னும் சீவி, சிறிதாகப் போனால் தூக்கிப் போட்டார்கள். அரைக் கிலோ உருளைக்கிழங்கில் பதினேழு உருண்டை தேறியது. கடிகாரத்தில் மணி பதினொன்று முப்பத்தொன்பது.

நாலாவது வரி: "தண்ணீர் விட்டுக் காய் வெந்ததும் குழம்புக்கட்டியைப் போட்டு நிறுத்தாமல் கிளறவும்."

வேடியப்பன் கரண்டியைப் பிடித்தான். கட்டி கரைந்தது. குழம்பு கெட்டியாகி, மணம் தெருவுக்கே போயிற்று. அடுப்பை அணைத்தார்கள். அவன் கிளறிக்கொண்டே இருந்தான்.

"போதும்டா, நிறுத்து" என்றான் ஜெபராஜ்.

"நிறுத்தாமல்னு எழுதியிருக்கு. எப்ப நிறுத்தணும்னு எழுதலையே?"

தணிகாசலம் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "அவன் சொல்றது சரிதான். கிளறுடா."

ஐந்தாவது வரி: "நூடுல்ஸை உடைக்காமல் வேகவைக்கவும்."

நூடுல்ஸ் முழ நீளம். பாத்திரம் சாண் உயரம். ஜெபராஜ் ஒரு கைப்பிடி நூடுல்ஸை நுனியில் பிடித்துக்கொண்டு, கீழ்ப்பாதியைக் கொதிநீரில் முக்கியபடி நின்றான். கீழ்ப்பாதி வெந்து தொளதொளத்ததும், தலைகீழாகத் திருப்பி மேல்பாதியை முக்கினான். நடுவில் அவன் பிடித்திருந்த இடம் மட்டும் விறைப்பாகவே நின்றது. அதைப் பற்றித் தாள் ஒன்றும் சொல்லவில்லை.

ஆறாவது வரியைப் படித்ததும் தணிகாசலத்தின் முகம் மாறியது. "இந்த அளவு நான்கு பேருக்குப் போதுமானது."

எல்லோரும் ஒருவரையொருவர் எண்ணிப் பார்த்தார்கள். வீட்டில் நாலு பேர். ஓகாவாவோடு ஐந்து.

"ஒரு டம்ளர் தண்ணி சேத்து ஊத்திக்கலாமே?" என்றான் ஜெபராஜ்.

"எழுதாததைச் செய்யறவனெல்லாம் ஜப்பான் போக முடியுமா?"

"அப்ப சாரை வர வேணாம்னு சொல்லிடலாம்" என்றான் வேடியப்பன், கிளறிக்கொண்டே. "நாம நாலு பேர். கணக்கு சரியா வருது."

எல்லோரும் மறுபடி விரல் விட்டு எண்ணினார்கள். கணக்கு சரியாகத்தான் வந்தது. பொய்யாமொழிதான் வாயைத் திறந்தான். "டேய், அவர் சாப்பிடலேன்னா என்னை யாருடா ஜப்பானுக்கு அனுப்புவா?"

கடைசியில் யார் வெளியே இருப்பது என்று சீட்டுப் போட்டுப் பார்ப்பதாக முடிவாயிற்று. சீட்டு விழுந்தது பொய்யாமொழியின் பெயருக்கு. விருந்துக்கு அழைத்தவனே அவன்தான். ஆனாலும் சீட்டு சீட்டுதானே? அவனை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். அவன் வாசற்படியில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாகத் தன் எதிர்காலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சரியாகப் பன்னிரண்டு முப்பதுக்கு ஓகாவா வந்தார். கையில் ஒரு மிட்டாய்ப் பெட்டி.

"வணக்கம். நீங்கள் ஏன் வெளியே அமர்ந்துள்ளீர்கள்?"

"நான் அஞ்சாவது ஆளு சார்."

ஓகாவா அதை யோசித்துப் பார்த்துத் தலையை அசைத்தார். கதவைத் தட்டினார். தணிகாசலம் ஜன்னலில் முகத்தைக் காட்டினார்.

"வாங்க சார், வாங்க. ஆனா நீங்க அம்பத்தோரு நிமிஷம் முன்னாடியே வந்துட்டீங்களே?"

ஓகாவா எட்டிப் பார்த்தார். சுவரில் பதினொன்று முப்பத்தொன்பது. தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. பிறந்ததிலிருந்து எங்கேயும் ஒரு நிமிஷம் முன்னேயும் போனதில்லை, பின்னேயும் போனதில்லை அந்த மனுஷன். இடுப்பு வளைய ஜன்னலுக்கு ஒரு கும்பிடு போட்டார்.

"என்னை மன்னிக்கவும். காத்திருக்கிறேன்."

பொய்யாமொழிக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். உள்ளே தணிகாசலம் கடைசி வரியைப் படித்தார்: "நூடுல்ஸைச் சத்தம் வர உறிஞ்சிச் சாப்பிடுவது ஜப்பானில் மரியாதை." மரியாதையில் குறை வந்துவிடக் கூடாது என்று மூன்று பேரும் வெறும் தண்ணீரை வைத்து உறிஞ்சிப் பழகினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்து, "உங்க வீட்டு மோட்டார்ல காத்து இழுக்குதுங்க, சீக்கிரம் ஆஃப் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாற்பது நிமிஷம் போயிற்று. ஓகாவா மறுபடி எட்டிப் பார்த்தார். பதினொன்று முப்பத்தொன்பது. ஆயிரம்தான் இருந்தாலும் இன்ஜினீயர் இல்லையா, உற்றுப் பார்த்தார்.

"இக்கடிகாரம் நின்றுவிட்டது."

"நிக்கல சார், நாங்கதான் நிறுத்தி வெச்சிருக்கோம்" என்ற பொய்யாமொழி, இருபது நிமிஷ விவகாரத்தை ஒன்றுவிடாமல் சொன்னான். ஓகாவா கேட்டு முடித்தார். பிறகு எழுந்து போய், காரில் இருந்த டார்ச்சைத் திறந்து, ஒரு பேட்டரியை எடுத்து வந்து ஜன்னல் வழியாக நீட்டினார்.

தணிகாசலம் கேட்டார்: "சமையல் முடிஞ்சிடுச்சில்ல?"

"முடிஞ்சிடுச்சு" என்றான் ஜெபராஜ்.

"அப்ப அந்த ஒரு நிமிஷம் போனா போகட்டும்." பேட்டரியைப் போட்டார். கடிகாரம் ஓட ஆரம்பித்தது. ஓகாவா தன் கைக்கடிகாரத்தையும் பதினொன்று முப்பத்தொன்பதுக்குத் திருப்பி வைத்துக்கொண்டார். பிறகு படியில் உட்கார்ந்து, மீதி ஐம்பத்தோரு நிமிஷமும் காத்திருந்தார். பொய்யாமொழிக்கு ஒருபக்கம் பசி, ஒருபக்கம் பயம். இரண்டில் எது பெரிது என்று பார்ப்பதிலேயே அவனுக்கு நேரம் போய்விட்டது.

பன்னிரண்டு முப்பதுக்குக் கதவு திறந்தது. நாலு தட்டு. முறை வைத்து ஒவ்வொருவராக வெளியே போய் நின்றார்கள், உள்ளே எப்போதும் நாலு பேர்தான் இருக்க வேண்டும் என்று. வேடியப்பன் வெளியே போனபோது குழம்புப் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு போனான், கிளற வேண்டுமே. அவனுக்கு ஜெபராஜ் ஊட்டிவிட்டான்.

ஓகாவா உறிஞ்சினார். நடுப்பகுதியை மட்டும் கடித்தார். திடீரென்று தாடையில் கை வைத்து, வாயிலிருந்து மோதிரத்தை எடுத்துத் தட்டோரம் வைத்தார். பொய்யாமொழிக்கு உயிரே போய்விட்டது.

"அது அளவுக்கு வெச்சது சார்" என்று தணிகாசலம் விளக்கினார். "பொன்னிறம் சரியா வந்திருக்கான்னு பாக்க."

ஓகாவா மோதிரத்தைப் பார்த்தார். ஒரு வெங்காயத் துண்டைப் பார்த்தார். தணிகாசலத்தின் கையிலிருந்த செய்முறைத் தாளை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தார். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"மூன்று ஆண்டுகளாக எழுதியிருப்பதை எழுதியிருப்பதுபோலவே செய்க என்று சொல்லி வருகிறேன். செய்தவர்களை இன்றுதான் கண்டேன். பொய்யாமொழி, வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு உங்கள் விமானம். ஆறு மணிக்குக் கார் வரும்."

நாலு பேரும் கட்டிப் பிடித்துக் குதித்தார்கள். வேடியப்பன் மட்டும் ஒரு கையால் கட்டிப் பிடித்தான்.

வியாழக்கிழமை காலை, போனைப் பார்த்துச் சரிசெய்து வைத்திருந்த சுவர்க் கடிகாரத்தில் மணி ஐந்தே முக்கால். பொய்யாமொழிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "அண்ணே, குளிக்கல, பெட்டி கட்டல. பிளேனை விட்டுட்டா என் கதி என்னண்ணே?"

"நான் எதுக்குடா இருக்கேன்?" என்றார் தணிகாசலம். நாலு போனையும் அரிசி டின்னில் போட்டார். ஸ்டூலைப் போட்டு ஏறினார். பேட்டரியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கார் வந்தது. "கால் மணி நேரம் முன்னாடியே வந்துட்டீங்க. ஆறானதும் கூப்பிடறோம்" என்று ஜன்னல் வழியாகச் சொன்னார்கள். டிரைவர் சீட்டைச் சாய்த்துப் படுத்துவிட்டார்.

பொய்யாமொழி நிதானமாக எண்ணெய் தேய்த்துக் குளித்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டான். இட்லிக்கு ஊறப்போட்டு, ஆட்டி, புளிக்கவைத்துச் சாப்பிட நேரமிருக்கிறதா என்று கேட்டான். தாராளமாக இருக்கிறது என்றார் தணிகாசலம். ஊறப்போட்டுவிட்டு நாலு பேரும் வாசலுக்கு வந்து நின்றார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. தலைக்கு மேலே பெரிய சத்தத்தோடு ஒரு விமானம் போயிற்று.

பொய்யாமொழி அண்ணாந்து பார்த்துக் கையை ஆட்டினான்.

"யாரோ அவசரக்காரங்க, பாவம். மணி இன்னும் ஆறுகூட ஆகல, அதுக்குள்ள கிளம்பிட்டாங்க."