காட்டேரியின் கை

சங்கவைக்கு முப்பத்தோரு வயது. அவளுக்குச் சண்டை சொல்லிக்கொடுத்த பிலோமினா அவளைவிட இரண்டு வயது இளையவள். அதனால் சிஷ்யை குருவை "மாஸ்டர்" என்பாள். குரு சிஷ்யையை "அக்கா" என்பாள். தொலைக்காட்சி மல்யுத்த மேடையில் இதைவிட விசித்திரமான உறவெல்லாம் உண்டு.

காசிமேட்டுப் பெண்ணான பிலோமினாவுக்கு மேடையில் காட்டேரி என்று பெயர். அவளைத் திட்டுவதற்கென்றே ஜனம் டிக்கெட் வாங்கும். அரியலூர்ச் சங்கவையோ ஜூடோவில் மாநிலப் பதக்கம் வாங்கியவள். மேடையில் அவள் மண்ணின் மகள்.

முதல் நாள் பிலோமினா அடிக்கச் சொல்லித் தரவில்லை. சங்கவையின் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்தினாள்.

"இது என்ன மாஸ்டர்?"

"பிடி போட்டதும் இப்படி ஒரு அழுத்து அழுத்துங்க. நல்லா இருக்கியான்னு கேக்குற மாதிரி. மாட்டினவ திருப்பி அழுத்தினா, நல்லா இருக்கேன்னு அர்த்தம்."

"கேமராவுல தெரிஞ்சிடாதா?"

"உள்ளங்கைக்குள்ள இன்னாக்கா கேமரா?"

ஒரு வருஷம் போனது. மூன்று வாரமாகக் காட்டேரி மண்ணின் மகளைப் படாதபாடு படுத்திக்கொண்டிருந்தாள். மாலையைப் பிய்த்தாள். ஒட்டுச்சடையை அறுத்துத் தலைக்குமேல் சுழற்றினாள். இன்றைய நேரலையில் மண்ணின் மகள் பழிவாங்கி சாம்பியன் பெல்ட்டைத் தூக்க வேண்டும். அப்படித்தான் எழுதியிருந்தார்கள்.

மத்தியானம் கதாசிரியர் வந்து மாற்றிவிட்டார். காட்டேரி மண்ணின் மகளின் கண்ணில் மாவைத் தூவி ஜெயிக்கட்டும், கதையைப் பொங்கல் வரைக்கும் இழுக்கலாம் என்றார்.

அரங்கில் புகை எந்திரத்தைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். புகை தரையெல்லாம் பரவி, நாற்காலிகளை விழுங்கி, மேடையைத் தூக்கிக்கொண்டது. நீல விளக்கில் அது எங்கோ போய்க்கொண்டிருப்பதுபோல் இருந்தது. பிலோமினா அதன் விளிம்பில் உட்கார்ந்து கண்ணைச் சுற்றி மை பூசிக்கொண்டிருந்தாள். அவளுடைய பாதங்கள் தெரியவில்லை.

சங்கவை பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"மாஸ்டர், எங்கப்பா தெருவுல டிவி வெச்சிருக்கார். மக இன்னிக்கு பெல்ட்டோட நிப்பான்னு ஊரெல்லாம் சொல்லிட்டார். அவருக்கு இது எல்லாமே நிஜம்."

"ம்."

"அவர் கண்ணு முன்னாடி நான் தோத்துக் கிடக்கணுமா?"

பிலோமினா இன்னும் கொஞ்சம் மையை விரலில் எடுத்தாள்.

"யாரோ எழுதறாங்க, நாம விழறோம். இதுல எதுதான் மாஸ்டர் நிஜம்?"

பிலோமினா மை டப்பாவை நீட்டினாள். முடியை ஒதுக்கிக்கொண்டு தலையைக் குனிந்தாள்.

"பின்கழுத்துல பூசி விடுங்கக்கா. எனக்கு எட்டலை."

சங்கவை பூசினாள். கேட்டதற்கு இதுவா பதில் என்று அவளுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடுதான் அவள் முடிவு செய்தாள். இன்று தோற்பதில்லை.

சாயங்காலம் அரங்கு நிறைந்தது. காட்டேரி புகைக்குள்ளிருந்து வந்தாள். ஜனம் சந்தோஷமாகத் திட்டியது. எழுதியபடியே அறைந்தாள், எழுதியபடியே சங்கவை விழுந்து எழுந்தாள். பிறகு மண்ணின் மகள் பின்னாலிருந்து காட்டேரியின் கழுத்தை வளைத்துப் பிடிக்கும் இடம் வந்தது. அதிலிருந்து காட்டேரி நழுவ வேண்டும், மாவை எடுக்க வேண்டும்.

சங்கவை பிடித்தாள். ஜூடோப் பிடி. கையை அழுத்திக் கேட்கவில்லை. விடவும் இல்லை.

பிலோமினாவின் உடம்பு ஒருமுறை துள்ளியது. நடுவர் இரண்டடி தள்ளிக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். தோற்றேன் என்று பிலோமினா தரையைத் தட்டினால் போதும். பெல்ட் சங்கவைக்கு.

கூட்டத்தின் இரைச்சல் மெல்ல விலகிப் போனது. தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் இருந்தது சங்கவைக்கு. விளக்குகள் மேலே எங்கோ அசைந்தன. மத்தியானம் தான் பூசிய மை இன்னும் ஈரமாகத் தன் முழங்கையில் ஒட்டுவதை அவள் பார்த்தாள்.

பிலோமினாவின் கை மேலே வந்தது. தரையைத் தேடவில்லை. சங்கவையின் கையைத் தேடிப் பிடித்து, ஒருமுறை அழுத்தியது.

சங்கவையின் பிடி தானாகக் கழன்றது.

மாவு பறந்தது. அது வெள்ளையாக, அவசரமே இல்லாமல் இறங்கியது. அவள் கண்ணை மூடிக்கொண்டு மல்லாந்து விழுந்தாள். நடுவர் மூன்று எண்ணினார். இப்படி ஒரு சண்டையைப் பார்த்ததே இல்லை என்று வர்ணனையாளர் கத்தினார். பாவம், அது உண்மைதான்.

ஒப்பனை அறையில் பிலோமினா கழுத்தில் ஐஸ் பையோடு உட்கார்ந்திருந்தாள். பெல்ட் ஒரு மூலையில் கிடந்தது. சங்கவை மாவு படிந்த முகத்தோடு வாசலிலேயே நின்றாள். அவளுக்கு அழுகை வந்தது, அடக்கவில்லை.

"நான் நிஜமாவே பிடிச்சேன்னு உங்களுக்குத் தெரிஞ்சுதா மாஸ்டர்?"

"கழுத்து என்னுதாச்சே." குரல் கரகரத்தது.

"அப்புறம் ஏன் தரையைத் தட்டலை?"

"தட்டியிருக்கலாம்."

"பிடிச்சவதானே கேக்கணும்? மாட்டின நீங்க எதுக்கு என் கையை அழுத்தினீங்க?"

"நீங்க அப்படிப் பிடிக்கிற ஆளு இல்லையே. பிடி அப்படி இறுகினா, பிடிச்சவளுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னுதானே அர்த்தம்? அதான் கேட்டேன்."

சங்கவையின் போன் அடித்தது. திரையில் அப்பா. அவள் அதை எடுக்காமல் வெறித்துப் பார்த்தபடி நின்றாள்.

பிலோமினா ஐஸ் பையைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். உள்ளங்கையெல்லாம் மாவு.

"அவருக்கு அப்புறம் சொல்லலாம். நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதிலே சொல்லலையேக்கா."