கூத்தரையரின் புருவம்

முன்னொரு காலத்தில் வேங்கைக்கோட்டை என்னும் நாட்டை மாறவேள் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் மனதில் தோன்றியது மாலைக்குள் சட்டமாகிவிட வேண்டும் அவனுக்கு.

ஒருநாள் நாவிதர் அவனுக்கு முடி திருத்தி நகம் வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டினால் நோவதில்லையே, பிறகு இதெல்லாம் எதற்காக வளர்கிறது என்று கேட்டான் அரசன். கருவூலத்தைக் கவனித்துவந்த கூத்தரையர் பக்கத்தில் நின்றிருந்தார். அமைச்சர் நல்லாதன் எப்போது சறுக்குவார் என்று காத்திருந்த மனிதர் அவர். மதில் காவல்படை நல்லாதன் பார்த்துப் பார்த்துச் சேர்த்த படை. அதைச் சீண்டாமல் கூத்தரையர் சும்மா இருப்பாரா?

"நோகாமல் வெட்ட முடிந்தால் அது வேண்டாதது என்றுதானே பொருள், அரசே? முடி, நகம், மேல்தோல் எல்லாமே உட்கார்ந்து தின்கிற கூட்டம். நம் மதில் காவலர்களைப் போல. இங்கே பகைவன் வந்து எத்தனை காலமாயிற்று?"

அரசனுக்கு அது பிடித்துப்போயிற்று. அமாவாசையோடு காவலர்கள் வீட்டுக்குப் போகலாம் என்றான். செய்தி கேட்டு நல்லாதன் ஓடிவந்து எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

"முடிக்கும் நகத்துக்கும் தோலுக்கும் வேலை உண்டென்று நாளைக்குள் காட்டும்," என்றான் அரசன். "காட்டினால் காவலர்கள் இருக்கட்டும். இல்லாவிட்டால் அவர்களோடு நீரும் கிளம்பலாம்."

நல்லாதன் தலைகுனிந்து நின்றார். அத்தனை குடும்பங்கள் அந்த வேலையை நம்பியிருந்தன. ஆனால் தான் காப்பாற்ற நினைப்பது அவர்களையா, தான் கட்டிய படையையா? இந்தக் கேள்வியும் அவரைக் குடைந்தது. அப்போதுதான் அரண்மனையின் பழைய வழக்கம் நினைவுக்கு வந்தது. அங்கே யோசனை சொன்னவரே அதன் முதல் கவளத்தை உண்ண வேண்டும். புது மருந்தைச் சொன்னவர் முதலில் குடிப்பார். புதுப் பாலம் போடச் சொன்னவர் முதலில் நடப்பார்.

"முதல் கவளம் கூத்தரையருடையது, அரசே," என்றார் மெதுவாக.

கூத்தரையரின் முகம் வெளிறியது. அவசரத்தில் வழக்கத்தை மறந்துவிட்டிருந்தார். ஆனால் சபைக்கு நடுவே பின்வாங்க முடியுமா? நாவிதர் அவர் தலையை மழித்தார், புருவத்தை வழித்தார், இமைமுடியைக் கத்தரித்தார், நகங்களைச் சதையோடு ஒட்ட வெட்டினார். "உடம்பு லேசாகிவிட்டது," என்று கூத்தரையர் சிரித்துக்கொண்டார்.

மறுநாள் நண்பகலில் திடலில் குதிரைப்படையின் அணிவகுப்பு. குடை அரசனுக்கு மட்டும்தான். கூத்தரையரின் மொட்டைத்தலை வெயிலில் செம்பாகக் காய்ந்தது. நெற்றி வியர்வை தடுப்பாரின்றி நேராகக் கண்ணில் இறங்கியது. குதிரைகள் கிளப்பிய புழுதி முழுக்கக் கண்ணுக்குள் போயிற்று. கழுத்தில் ஓர் எறும்பு கடித்தது, சொறிய நகமில்லை. குதிரைகளைப் பார்க்க வந்த அரசன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"முடிக்கும் நகத்துக்கும் வேலை இருக்கிறது போலிருக்கிறதே, கூத்தரையரே?"

அவர் சிவந்த கண்களைத் துடைத்துக்கொண்டார். "இருக்கட்டும், அரசே. இந்தத் தோல்? பிறந்த நாள்முதல் மேலே சும்மா கிடக்கிறதே. அது என்ன செய்தது என்று அமைச்சர் சொல்லட்டும்."

இரவெல்லாம் முடியையும் நகத்தையும் நினைத்த நல்லாதன் தோலை விட்டுவிட்டிருந்தார். எல்லாம் போயிற்று என்றே எண்ணினார்.

தாகம் தாங்காமல் கூத்தரையர் பானகத்துக்காக வைத்திருந்த எலுமிச்சை மூடி ஒன்றை எடுத்துத் தானே பிழிந்தார். மறுகணம் குவளையைக் கீழே போட்டுவிட்டு விரலை உதறினார். நகம் வெட்டிய இடத்தில் கடுகளவு தோல் உரிந்திருந்தது. அதில் சாறு பட்டுவிட்டது.

"கூத்தரையரே, உள்ளங்கையிலும் அதே சாறுதானே வழிகிறது?" என்று கேட்டார் நல்லாதன். "அங்கே எரிகிறதா?"

கூத்தரையர் கையைப் பார்த்தார். "இல்லை," என்றார்.

"அங்கே தோல் நிற்கிறது. இத்தனை வருடமாக எதுவும் உள்ளே வரவில்லை என்பதால் அது சும்மா இருக்கிறதென்று நினைத்தீர்கள். ஒன்றும் நடக்காமல் இருந்ததே, அதுதான் அது செய்த வேலை."

அரசன் மதிலை நிமிர்ந்து பார்த்தான். அங்கே காவலர்கள் வெயிலில் நின்றிருந்தார்கள். "அமாவாசை உத்தரவு இனி இல்லை," என்றான். பிறகு தன் முத்துமாலையை நல்லாதனுக்கு அணிவித்தான். புருவம் வளரும்வரை கூத்தரையரும் மதில்மேல் காவல் நிற்கட்டும் என்றான். சபையினர் சிரித்தார்கள்.

நல்லாதனும் சிரித்தார். சிரித்த பிறகு கூத்தரையரின் கொப்புளித்த தலையைப் பார்த்தார். அந்த மனிதர் துடித்தபோது தனக்குள் ஏன் இனித்தது என்று யோசித்தார். தோளிலிருந்த மேலாடையை எடுத்து அவர் தலையில் சுற்றிவிட்டார்.

"இதிலும் ஏதாவது தந்திரமா, அமைச்சரே?"

"தெரியவில்லை," என்றார் நல்லாதன். உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை.

புருவம் வளர்ந்தது, கூத்தரையர் சபைக்குத் திரும்பினார். அதற்குப் பிறகும் அவர் யோசனைகள் சொன்னார். ஆனால் எங்காவது ஆள்குறைப்பு என்று வாயெடுக்கும்போதெல்லாம், அவரையறியாமல் அவர் கை புருவத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கீழே இறங்கும்.