குட்டியை எங்கே கவ்வுவாய்?

காட்டுக் குளத்தின் கரையில் ஒரு மருதமரம் நின்றது. அதன் வேரடிப் பள்ளத்தில் செம்பி என்ற நாய் நான்கு குட்டிகளை ஈன்றிருந்தது. ஒன்றுக்கும் இன்னும் கண் திறக்கவில்லை. பசித்தால் முனகும், குளிர்ந்தால் தாயின் வயிற்றில் முகம் புதைக்கும்.

அன்று காலையிலிருந்து விடாத மழை. குளம் நிரம்பி, பள்ளத்துக்குள் தண்ணீர் கசியத் தொடங்கியது. செம்பி குட்டிகளைச் சுற்றிச் சுற்றி வந்தது. வாயோ ஒன்று, குட்டிகளோ நான்கு! ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனால் மற்றவற்றை யார் பார்ப்பது?

அந்த நேரம் பார்த்து நரி வந்தது. செம்பியின் பல்லுக்குப் பயந்து இத்தனை நாளும் தூரத்திலேயே சுற்றிக்கொண்டிருந்த நரி!

"அக்கா! கரை உடையப் போகிறது! ஒன்றை நீ தூக்கு, ஒன்றை நான் தூக்குகிறேன். இரண்டே நடையில் முடிந்துவிடும்!"

தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. சரி என்று சொல்ல வாயெடுத்தது செம்பி. ஆனாலும் மனம் கேட்கவில்லை.

"தம்பி, குட்டியை எங்கே கவ்வுவாய்?"

"இதென்ன கேள்வி? வயிற்றில்தான்! அங்கேதான் மெத்தென்று இருக்கும்!"

செம்பிக்கு நரியின் எண்ணம் புரிந்துவிட்டது. பிடரித் தோலை அல்லவா நோகாமல் கவ்வ வேண்டும்! விரட்டினால் நரி ஓடும். தான் நகர்ந்ததும் திரும்பி வரும். பதற்றத்தை விழுங்கிக்கொண்டு செம்பி சொன்னது:

"நல்லது தம்பி! எதிர்க்கரைக் குகையில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அங்கேயே இரு. நான்கையும் உன்னிடம் கொண்டுவந்து விட்டுவிட்டு நான் இரை தேடப் போகிறேன்!"

நான்குமா! நரி நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு ஓடியது.

செம்பி முதல் குட்டியைக் கவ்விக்கொண்டு பின்புறத்து மேட்டுப் பாறைக்குப் பாய்ந்தது. காரைமுள் புதருக்குள் அதை ஒளித்துவிட்டுத் திரும்பியது. அடுத்தது. அதற்கடுத்தது. கால்கள் வழுக்கின, மூச்சு வாங்கியது.

கடைசிக் குட்டிக்காக வந்தபோது பள்ளம் முழுக்கத் தண்ணீர். குட்டியைக் காணோம்! செம்பி தலையை முக்கித் துழாவியது. வேரிடுக்கில் சிக்கி, விறைத்துக் கிடந்தது சின்னது.

மேட்டில் போட்டு நக்கியது. மூக்கை நக்கியது, மார்பை நக்கியது. அசைவில்லை. முகத்தால் புரட்டிவிட்டு மறுபடி நக்கியது.

"போய்விடாதே கண்ணே! போய்விடாதே!"

குட்டி ஒருமுறை செருமியது. பிறகு வீலென்று கத்தியது!

செம்பி நான்கையும் வளைத்துப் படுத்துப் பால் கொடுத்தது. எதிர்க்கரையிலிருந்து நரி கூவிக் கூவிப் பார்த்தது. இடையில் ஒரே வெள்ளம். செம்பி காதை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, விடியும்வரை கண் மூடவில்லை.

ஆபத்து நேரத்தில் உதவ வருபவரையும் ஒரு கேள்வி கேட்டுப் பார்த்த பிறகே நம்ப வேண்டும்.