சாமியின் ரத்தத்துக்குத் தெரிந்த ஆள்

கொடுக்கிறவன் வாசலில் நிற்கக் கூடாது என்றோ, கொடுத்த வாசலுக்குத் திரும்பப் போகக் கூடாது என்றோ மடத்தின் பழைய சாமி ஒருமுறை பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். எது என்று நல்லசிவத்துக்கு இப்போது பிடிபடவில்லை.

பரிசோதனை முடிவு வந்துவிட்டது. இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போன இப்போதைய சாமிக்கு நல்லசிவத்துடையது சேராது. போன தீபாவளிக்கு மடத்துக்கு வந்த லாரி டிரைவர் மாசிலாமணியுடையது சேரும்.

முற்றத்தில் மாசிலாமணி இளநீர் குடித்துக்கொண்டிருந்தான். சமையல்காரரே சீவிக் கொடுத்திருந்தார். மடத்தில் தொண்டு செய்த இத்தனை வருஷத்தில் நல்லசிவத்துக்கு யாரும் இளநீர் சீவிக் கொடுத்ததில்லை.

நேராகச் சாமியிடம் போனார். அவரைவிட வயதில் இளையவர் சாமி. டயாலிசிஸ் முடிந்து, கையில் கட்டோடு படுத்திருந்தார்.

"தியானத்துல குறட்டை விடுறவனோடது உங்களுக்கு எப்படிச் சேரும் சாமி?"

"கிட்னிக்குத் தியானம் தெரியாதே."

நல்லசிவம் சிரிக்கவில்லை.

"உங்களுக்குச் சோறாக்கினது நான். துணி துவைச்சது நான். அல்சர் வெடிச்சு ரத்தமா வாந்தி எடுத்தீங்களே, அப்ப ரத்தம் குடுத்தது யாரு? மறுவருஷம் திரும்ப வந்தப்பவும் யாரு? உங்க உடம்புல ஓடுறதுல பாதி என்னோடதுன்னு ஊருக்கே தெரியும்."

"தெரியாம எப்படி? நீங்கதான் சொல்லிட்டீங்களே."

"அப்புறம் என்னை மட்டும் ஏன் வேண்டாங்குது?"

சாமி மெல்ல எழுந்து சாய்ந்துகொண்டார்.

"டாக்டர் சொன்னாரு. ரத்தத்துல காவலுக்கு அணுக்கள் இருக்காம். வேத்தாளைப் பாத்தா ஒண்ணு இன்னொண்ணுக்குத் தகவல் அனுப்புமாம். கண்ணுக்குத் தெரியாத துளிப் பொருள், அதுதான் தகவல். ஒண்ணு கூப்பிட்டா ஒரு கூட்டமே ஓடி வரும்."

"நல்லதுதானே?"

"நல்லதுதான். எனக்கு ஏதோ ஒரு காய்ச்சல் வந்து, போயிடுச்சு. கூப்பிடுறது மட்டும் நிக்கல. ஓடி வந்ததுக்கு அடிக்க ஆள் இல்ல. என் கிட்னியையே அடிச்சுது."

நல்லசிவம் சாமியின் முதுகுக்குப் பின்னால் தலையணையைச் சரிசெய்தார்.

"நேத்து நீங்க கூப்பிட்டு, மாசிலாமணியைப் பத்திப் பேச சமையற்கட்டுல ஒரு கூட்டமே கூடுச்சாமே," என்றார் சாமி.

நல்லசிவம் தரையைப் பார்த்தார். ஆனாலும் விடாமல் கேட்டார்.

"மாசிலாமணியும் வேத்தாள்தானே சாமி?"

"வேத்தாள்தான். ஆனா என் ரத்தம் அவனை இதுவரைக்கும் பாத்ததில்லை. மாத்திரை குடுத்துச் சமாதானம் பண்ணிடலாமாம்."

"என்னை?"

சாமி கட்டுப் போடாத கையை நீட்டினார். முழங்கை மடிப்பில் புடைத்திருந்த நரம்பைத் தொட்டுக் காட்டினார்.

"நீங்க ரெண்டு தடவை இந்த வழியா உள்ள வந்தீங்க. அன்னிக்கே உங்களை அடையாளம் பாத்து வச்சுக்கிச்சு. இன்னும் மறக்கல. மறுபடி வந்தா உடனே கூப்பாடு போடும்."

நல்லசிவம் அந்த நரம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் குடுத்ததாலதான் இப்பக் குடுக்க முடியல."

"நீங்க குடுத்ததாலதான் நான் இப்ப இருக்கேன்."

வெளியே மாசிலாமணி யாரிடமோ, ஆபரேஷன் ரொம்ப வலிக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தான். யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தின நாள், ஆஸ்பத்திரியில் நர்ஸ் வந்து கேட்டார்.

"ரெண்டு பேருக்கும் தனித்தனி ரூம். துணைக்கு ஆளுக்கு ஒருத்தர்தான் தங்கலாம். சாமிகூட யாரு?"

மடத்து ஆட்கள் எல்லோரும் நல்லசிவத்தைப் பார்த்தார்கள்.

அவர் தன் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மாசிலாமணியின் அறைக்குப் போனார்.