முள்ளிக்கரைக் கத்தரியும் ஏழு வைகாசியும்

முன்னொரு காலத்திலே ஆற்றூர் நாட்டை நெடுமுடி ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுசர்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, சாயங்காலம் ஒரு புத்தி. அவர் காதோரமாகவே நிற்கிறவர் வில்வநாதர், அரண்மனைச் சமையற்கட்டுக்கு மேலதிகாரி.

அந்த நாட்டில் முள்ளிக்கரை என்றொரு ஊர். அந்த ஊர்க் கத்தரிக்காய் எண்ணெயில் விழுந்தால் வெண்ணெயாய்க் குழையும். அதைத் தலைநகர்ச் சந்தைக்குக் கொண்டுவந்து விற்கிறவள் மூக்காயி. எழுத்து வாசனை கிடையாது. ஏமாந்த ஏமாற்றமெல்லாம்தான் அவளுக்குப் பள்ளிக்கூடம். பேரத்தில் அவளை ஜெயித்தவனும் இல்லை, கோபத்தில் அவள் எதிரே நின்றவனும் இல்லை.

ஒரு சந்தை நாளில், வாடிக்கைக்காரி ஒருத்தி வந்து அவள் கூடைமேல் நாலு காயை விட்டெறிந்தாள்.

"இந்தா, உங்க முள்ளிக்கரைக் கத்தரி! பூராவும் விதை. வேப்பங்காயாக் கசக்குது!"

"எங்கே வாங்கினே?"

"வடக்கு வாசல்லே. வில்வநாதர் கடையிலே."

அன்றைக்கு அவள் கூடை காலியாகவே இல்லை. கசந்த வாய் ஊர்ப் பெயரைத்தானே திட்டும்! அடுத்த சந்தையிலும் அதே கதை. மூக்காயி கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நேரே அரசவைக்குள் நுழைந்துவிட்டாள்.

"மகாராஜா! எங்க ஊர்ப் பெயரை இந்த ஐயா திருடி விக்கிறாரு!"

வில்வநாதர் சிரித்தார். "பெயருக்கு வேலி போட முடியுமா, பிரபு? செடி ஒன்று, காய் ஒன்று. ஊர்ப் பெயர் என்ன இவள் அப்பன் வீட்டுச் சீதனமா?"

ராஜாவுக்கு வேடிக்கையாய்ப் போயிற்று. "சரி, இரண்டு காயையும் சமைத்துக் கொண்டு வாருங்கள். என் நாக்குக்கு வித்தியாசம் தெரிந்தால் பெயர் உனக்கு. தெரியாவிட்டால் பெயர் வில்வநாதருக்கே. அப்புறம் முள்ளிக்கரைக்காரர் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி விற்கக் கூடாது."

மூக்காயி ராஜாவின் சிவந்த மூக்கைப் பார்த்தாள். ராஜாவுக்கு மூன்று நாளாக ஜலதோஷம் என்று சந்தையிலேயே பேச்சு. சமையற்கட்டு அதிகாரிக்குத் தெரியாமலா இருக்கும்?

இரண்டு கிண்ணம் வந்தது. ராஜா இதைத் தின்றார், அதைத் தின்றார், ஒரு தும்மல் தும்மினார். "இரண்டும் ஒன்றுதான்!"

வில்வநாதர் மீசையைத் தடவினார். மூக்காயிக்குச் சுர்ரென்று ஏறியது. வாய்வரை வந்த வசவை விழுங்கினாள். சரக்கு கைவிட்டுப் போகும்போது கத்துகிறவன் பேரம் தெரியாதவன்.

"சரி மகாராஜா, தோத்துட்டேன். பெயரை ஐயாவே வச்சுக்கட்டும். ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். ஐயா, எத்தனை வருசமா இந்தப் பெயர்லே விக்கிறீங்க?"

"ஏழு வருஷம்!" வில்வநாதர் நெஞ்சை நிமிர்த்தினார். "ஒரு வருஷம் தவறியதில்லை. வடக்கு வாசலில் யாரை வேண்டுமானாலும் கேள். முள்ளிக்கரைக் கத்தரி என்றால் அது வில்வநாதர் கத்தரிதான்!"

"சபையோர் கேட்டுக்கிட்டீங்களா?" என்ற மூக்காயி, கூடைக்குள் கைவிட்டு, காய்களுக்கு அடியிலிருந்து ஒரு செப்பேட்டை எடுத்தாள். "இது உங்க பாட்டனார் எங்க ஊருக்குக் கொடுத்தது, மகாராஜா. உங்ககிட்டே முறையிடணும்னு ஊர்லே கேட்டு வாங்கியாந்தேன். வைகாசி முதல் நாள் ஏரிக்கரையிலே தமுக்கடிச்சு வாசிப்பாங்க. எனக்குப் படிக்கத் தெரியாது; காதிலே நிக்குது. நீங்களே படிங்க."

ராஜா மூக்கை உறிஞ்சிக்கொண்டே உரக்கப் படித்தார்: "முள்ளிக்கரைக் கத்தரி என்று சொல்லி விற்கிற ஒவ்வொரு தோட்டக்காரனும் வைகாசியில் இருபது நாள், ஆள் வைக்காமல் தானே ஏரியில் இறங்கி, வண்டல் அள்ளித் தோட்டத்தில் கொட்டக் கடவன். தவறினவன், தவறின நாளெல்லாம் சேர்த்துச் செய்யக் கடவன்."

"அந்த வண்டல்தான் மகாராஜா எங்க காய்க்கு ருசி. மாட்டை வித்தா மூக்கணாங்கயிறும் கூடவே போகும். பெயரை வாங்கினவர் மண்வெட்டியையும் வாங்கிக்கணுமில்லே? ஏழு வைகாசி, ஐயா! நூத்தி நாப்பது நாள். எப்போ இறங்குறீங்க?"

வில்வநாதருக்கு வேர்த்துவிட்டது. "நானா? சேற்றிலா? பிரபு, என் காய் முள்ளிக்கரைக் கத்தரியே இல்லை! அந்த ஏரி எந்தத் திசை என்றுகூட எனக்குத் தெரியாது! வடக்கு வாசல் கொல்லையில் காய்த்த வெறும் கத்தரி, பிரபு!"

சபை கொல்லென்று சிரித்தது. ராஜா தும்மினார், சிரித்தார், மறுபடி தும்மினார்.

"வில்வநாதரே, எனக்கு ஜலதோஷம் மூக்கில்தான், காதில் இல்லை. சேற்றில் இறங்குகிறவனுக்கே அந்தப் பெயர். இதை நாலு வாசலிலும் பறையறைந்து சொல்லுங்கள். ஏழு வருஷம் பெயரைத் தின்றதற்கு, வருஷத்துக்கு ஒரு நாளாக ஏழு நாள் நீர் ஏரியில் இறங்கும்." பிறகு மூக்காயி பக்கம் திரும்பி, கையிலிருந்த கடகத்தைக் கழற்றினார். "இது உனக்கு."

"கடகம் எனக்கெதுக்கு மகாராஜா? கூடை தூக்குற கையிலே இடிக்கும். சளி தெளிஞ்சதும் வடக்கு வாசலுக்கு வந்து, எல்லாரும் பார்க்க என் கூடையிலே நாலு காய் வாங்குங்க. அது போதும்."

ராஜா வந்தார், வாங்கினார். மறு சந்தையிலிருந்து மூக்காயியின் கூடை உச்சிப்பொழுதுக்கு முன்னே காலி.

வைகாசி வந்தது. ஏழாம் நாள், முழங்கால் சேற்றில் நின்ற வில்வநாதர் கரைமேல் நின்றவளை அண்ணாந்து பார்த்தார். "அம்மா மூக்காயி, ஒரு வண்டி வண்டலை என் கொல்லைக்கு எடுத்துக்கொண்டு போகட்டுமா?"

"தாராளமா, ஐயா. மண்ணை எடுத்துட்டுப் போங்க. பெயரை மட்டும் வச்சுட்டுப் போங்க."