தண்ணிக்குப் பேர் வைத்த கஸ்பார்

ஆறு நாள் எல்லாரையும் கரையில் கட்டிப்போட்ட கச்சான் காற்று ஏழாம் நாள் மத்தியானம் கொஞ்சம் அடங்கியது. விடிந்தால் வள்ளங்கள் எல்லாம் கடலில் இறங்கிவிடும். கஸ்பாரின் வலையிலோ ஒரு ஆள் புகுந்து வெளியே வரலாம், அவ்வளவு பெரிய ஓட்டை. போதாக்குறைக்கு முந்தின நாள் குழம்புக்குக் கெளுத்தி அறுக்கப் போய், முள் ஏறி, வலது பெருவிரல் வாழைப்பூ மாதிரி வீங்கிக் கிடந்தது. வலை ஊசியைப் பிடிக்க வழியில்லை. யாரிடமாவது கேட்கலாம்தான். ஆனால் அறுபத்திரண்டு வயது வரை ஒரு தீக்குச்சிகூட அடுத்தவனிடம் கேட்காத ஆள் அவர்.

கடற்கரை வலைக் கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. கதை சொல்கிறவன் வலையில் உள்ள கிழிசலைக் கேட்கிறவர்கள் பின்னிப் பொத்திக் கொடுக்க வேண்டும். இடையில் எவனாவது சாட்சியோடு 'இது புளுகு' என்று காட்டிவிட்டால், சொன்னவன் தன் வலையை வாங்கிக்கொண்டு, காட்டியவன் வலையையும் சேர்த்துப் பொத்த வேண்டும்.

கஸ்பார் கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு, வலையை மச்சான் இன்னாசி மடியிலும் பக்கத்து வீட்டு லாசர் மடியிலும் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். எவனும் போய்ப் பார்த்து வர முடியாத இடமாக அவருக்குப் பப்புவாத் தீவு கிடைத்தது.

மரக் கப்பலில் சமையல்காரனாகப் போனாராம். கப்பல் பழுதாகி நாற்பது நாள் அங்கே மலைமேல் ஒரு ஊரில் இருந்தாராம். மொத்தம் முப்பத்தெட்டுப் பேர். அவர்களுக்கென்று தனி பாஷை, பேர் ஊவாமி. பக்கத்து மலைக்காரனுக்கே புரியாது. கஸ்பார் மூன்று நாளில் படித்துவிட்டார். நாலாம் நாள் ஊர்த் தலைவரே ஒரு சொல்லைத் தப்பாகச் சொல்லி, இவரைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாராம்.

"நீ கொழும்பைத் தாண்டுனதே இல்லையே மச்சான்" என்றார் இன்னாசி.

"தாண்டுனப்ப நீ தூங்கிக்கிட்டு இருந்த. ஊசியை ஓட்டு."

அந்தப் பாஷையில் சும்மா 'வந்தேன்' என்று சொல்ல முடியாது. மேட்டிலிருந்து இறங்கி வந்தேன், பள்ளத்திலிருந்து ஏறி வந்தேன், ரெண்டில் ஒன்றுதான். ஒருநாள் தலைவரைக் கப்பலுக்குக் கூட்டிப் போனாராம். தட்டையான தளம். மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. மனுசனுக்குப் பேச்சே எழும்பவில்லை, வாயைத் திறந்து திறந்து மூடுகிறார். கஸ்பார்தான் ஒரு பலகையைச் சாய்த்துப் போட்டு அதன்மேல் ஏற்றி நிறுத்தினார். அப்புறம் சாயங்காலம் வரை அவர் பேச்சை நிறுத்த முடியவில்லை.

லாசர் சிரித்ததில் பின்னலில் ஒரு கண்ணி தப்பியது. அவிழ்த்துப் போடச் சொல்லி, எண்ணிக்கைக்குத் தாவினார் கஸ்பார். அங்கே உடம்பைத் தொட்டுத்தான் எண்ணுவார்கள். இடது சுண்டுவிரல் ஒன்று, பெருவிரல் ஐந்து, மணிக்கட்டு ஆறு, அப்படியே ஏறித் தோள் பத்து, மூக்கு பதினாலு, வலப்பக்கம் இறங்கிச் சுண்டுவிரலில் இருபத்தேழு. அதோடு சரி. அதற்குமேல் வேண்டுமானால் அடுத்த ஆள் வந்து பக்கத்தில் நிற்க வேண்டும். ஒரு விருந்துக்குக் கிழங்கு எண்ண ஆரம்பித்து ஊரே வரிசையில் நின்றுவிட்டது, அவிக்க ஆளில்லை. கடைசி ஆளுக்கு ஜலதோஷம். பதினாலுக்கு வரும்போதெல்லாம் தும்முவான், முதலிலிருந்து எண்ணுவார்கள். விருந்து மூன்றாம் நாள்தான் நடந்ததாம்.

ஓட்டை பாதிக்குச் சுருங்கியிருந்தது. கஸ்பார் ஓரக்கண்ணால் அளந்துகொண்டார்.

அப்புறம் வந்தது பெரிய சங்கதி. அங்கே ஒருவன் செத்துப்போனால் அவன் பேரை யாரும் வாயால் சொல்லக் கூடாது. பேர் வைப்பதோ பொருளைப் பார்த்து. கஸ்பார் இருக்கும்போது, தண்ணீருக்கு அவர்கள் சொல்லும் சொல்லையே பேராக வைத்திருந்த ஒரு பெரியவர் போய்ச் சேர்ந்தார். அவ்வளவுதான், தண்ணீரைக் கேட்க ஊரில் சொல் இல்லை. ஆறு பக்கத்தில் ஓடுகிறது, சனம் நாக்கு வறண்டு உட்கார்ந்திருக்கிறது. ரெண்டு நாள் பொறுத்துப் பார்த்த கஸ்பார் மூன்றாம் நாள் பாறைமேல் ஏறி, "தண்ணி" என்று சொல்லிக் கொடுத்தார். இன்றைக்கும் அந்த மலையில் தண்ணிக்குத் தண்ணி என்றுதான் பேராம்.

"இதுக்கெல்லாம் யாரு சாட்சி?" இன்னாசி ஊசியை நிறுத்தினார். இன்னும் பத்துக் கண்ணிதான் பாக்கி. கஸ்பார் அவசரத்தில் ஒரு படி அதிகமாக ஏறிவிட்டார்.

"சாட்சி எதுக்குவே? அந்தப் பாஷையில பொய்யே சொல்ல முடியாது. கண்ணால பாத்ததுக்கு ஒரு பேச்சு, காதால கேட்டதுக்கு ஒரு பேச்சு. பாக்காததைப் பாத்தேன்னு சொன்னா, விடியிறதுக்குள்ள ஒரு பல்லு விழுந்துரும்."

இன்னாசி வலையைக் கீழே வைத்தார். நிதானமாகச் சொன்னார்: "வாயைத் திற மச்சான்."

கஸ்பார் வாயில் மிஞ்சியது மேலே ரெண்டு பல், கீழே ஒன்று. ஊருக்கே தெரிந்த கணக்கு. கதை நிஜமென்றால் ஆள் புளுகன், கதை பொய்யென்றாலும் ஆள் புளுகன். லாசர் வலையை உருட்டித் திருப்பிக் கொடுக்கவே தயாராகிவிட்டார். கஸ்பார் பொக்கை வாயை நன்றாகவே திறந்து காட்டினார். அப்புறம் சொன்னார்:

"எல்லாம் உன்னாலதான். எங்க ஊர்ல இன்னாசின்னு என் மச்சான் ஒருத்தன் இருக்கான், தங்கமான மனுசன், அடுத்தவன் பேச்சுல குறுக்கே வரவே மாட்டான், என் கண்ணால பாத்திருக்கேன்னு தினம் அந்தச் சனத்துக்கிட்ட சொன்னேன். தினம் ஒண்ணு விழுந்துச்சு."

லாசர் சிரித்துச் சிரித்து மணலில் சாய்ந்தார். இது சாட்சியில் சேராது, ஊசியை எடும் என்று தீர்ப்பும் சொன்னார். இன்னாசி பத்துக் கண்ணியையும் போட்டு, முடிச்சிட்டு, தன் முழுப் பல்லாலும் நூலைக் கடித்து அறுத்தார். வலையைக் கஸ்பார் மடியில் போட்டுவிட்டு, துண்டை விலக்கி வீங்கின விரலைப் பார்த்தார்.

"நீ வந்து உக்காரும்போதே பாத்துட்டேன். கையைக் காட்டி, கொஞ்சம் பொத்திக் குடுங்கன்னு கேட்டிருந்தா எப்பவோ முடிச்சிருப்போம். ஒத்தாசை கேக்க அந்த ஊவாமி பாஷையில ஒரு வார்த்தைகூட இல்லையோ?"

கஸ்பார் விரலைத் திரும்பத் துண்டுக்குள் செருகிக்கொண்டார்.

"இருந்துச்சு மச்சான். அந்தப் பேருல ஒருத்தன் செத்துப்போயிட்டான்."